முக்கால் டன், ஒரு டன் பிக்கப் வண்டிகளுக்கு ஹைப்ரிட் தேவையா?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸில் மண் வேலை, தோட்ட வேலை ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறீர்கள். சிறிய எக்ஸ்கவேட்டர் ஏற்றிய டிரெய்லர் எல்லாம் சேர்த்து 14,000 பவுண்டு, அதாவது 6,350 கிலோ. இழுப்பது ஒரு பழைய முக்கால் டன் டீசல் பிக்கப். (அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்பவை பிக்கப்புகளின் பழைய வகைப் பெயர்கள், உண்மையான சுமை அளவு அல்ல.) ஃபோர்டு எஃப்-150, டொயோட்டா டன்ட்ரா போன்ற அரை டன் வண்டிகளில் ஹைப்ரிட், அதாவது எஞ்சினோடு பேட்டரியும் மின்மோட்டாரும் சேர்ந்த ஏற்பாடு, வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. அவற்றைவிட அதிகம் எண்ணெய் குடிக்கும் பெரிய வண்டிகளில் ஏன் வரவில்லை, வர வேண்டாமா, வரும்வரை நான் காத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதன் அடியில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது: நிறையக் குடிக்கிற வண்டியில் ஹைப்ரிட் வைத்தால் நிறைய மிச்சமாகும் என்பது. அந்தக் கணக்கு பாதி சரி. எந்தப் பாதி என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் மிச்சிகனில் இருபது வருடத்துக்கும் மேலாக எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒன்றோடொன்று பேச வைக்கும் வேலை பார்த்தவன். கேலிப்ரேஷன் என்பார்கள். டார்க் என்கிற சுழற்றும் விசை, வெப்பம், மேட்டில் கியர் மாறும் நேரம் இவையெல்லாம் எனக்குக் கைப்பழக்கம். பேட்டரியின் வேதியியல் என் துறை அல்ல. அதைப் பற்றி நான் சொல்வதைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதுபோல எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹெவி டியூட்டி என்றால் அமெரிக்கக் கணக்கில், வண்டியும் அதில் ஏற்றும் சுமையும் சேர்ந்த அனுமதி எடை 8,500 பவுண்டுக்கு மேல் போகும் பிக்கப்புகள். ஃபோர்டின் எஃப்-250, எஃப்-350, ராம் 2500, 3500, ஜிஎம்மின் சில்வராடோ, சியரா ஹெச்டி வகைகள். அந்த 8,500 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

முதலில் மலை. இந்த வண்டிகளின் இழுவைத் திறனை அளக்க எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கம் வகுத்த ஜே2807 என்ற தரமுறையில் அரிசோனாவின் டேவிஸ் டேம் ஏற்றம் ஒரு பகுதி. 11.4 மைல் நீளம். ஏறும் உயரம் ஏறக்குறைய 900 மீட்டர். நூறு டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில், ஏசியை முழுதாக வைத்து, மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏற வேண்டும். பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டிக்கு 35 மைல். இப்போது உங்கள் வண்டியையும் டிரெய்லரையும் சேர்த்து 10 டன் என்று வைத்துக்கொள்வோம். 10 டன்னை 900 மீட்டர் தூக்க, உராய்வு, காற்று எதையும் சேர்க்காமலே, சுமார் 24.5 கிலோவாட்-மணி வேண்டும். நம் ஊர் கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்தான், 24.5 யூனிட். எஃப்-150 பவர்பூஸ்ட் ஹைப்ரிட்டின் பேட்டரி 1.5 யூனிட். அதை ஒரு சொட்டு விடாமல் பிழிந்தாலும் 10 டன் 55 மீட்டர்தான் மேலே போகும். திருவரங்கத்து ராஜகோபுரம் 72 மீட்டருக்குப் பக்கம். அதன் உச்சிக்குக்கூட எட்டாது. மீதி எண்ணூற்றுச் சொச்சம் மீட்டரையும் எஞ்சின்தான் ஏற்ற வேண்டும், கூடவே தீர்ந்துபோன பேட்டரியையும் வேலையில்லாத மோட்டாரையும் சுமந்துகொண்டு.

இறக்கத்தில் திரும்பக் கிடைக்குமே என்பீர்கள். கிடைக்கும், ஆனால் வைத்துக்கொள்ள இடமில்லை. 5 சதவீதச் சரிவில் 40 மைல் வேகத்தில் 10 டன் இறங்கும்போது புவியீர்ப்பு மட்டும் 88 கிலோவாட் தள்ளும். காற்றும் டயரும் 25, 30 கிலோவாட்டைத் தின்றுவிட்டாலும் 60 மிச்சம். பவர்பூஸ்ட்டின் மோட்டார் 35 கிலோவாட். அது பிடித்தது போக மீதியை எஞ்சின் பிரேக் பிடிக்க வேண்டும். அதோடு 1.5 யூனிட் பேட்டரி இரண்டரை நிமிடத்தில் நிரம்பிவிடும். அதற்கப்புறம் மோட்டாரும் கை விட்டுவிடும். இறக்கத்தின் பாதியில் பிரேக்கின் தன்மை மாறுவது ஓட்டுநருக்குப் பிடிக்காது. கேலிப்ரேஷன் ஆட்களுக்கு அதைவிடப் பிடிக்காது. டீசல் வண்டியில் டர்போவின் இறக்கைகளை மூடி எக்ஸாஸ்ட் பிரேக் பிடிக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. அது நிரம்புவதும் இல்லை, களைப்பதும் இல்லை.

மேட்டுக்கும் பள்ளத்துக்கும் சின்ன ஹைப்ரிட் உதவாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இது பள்ளிக்கூட இயற்பியல்.

அப்படியானால் ஹைப்ரிட் எங்கே மிச்சம் பிடிக்கிறது? எஞ்சின் சோம்பேறியாக ஓடும் இடங்களில். 2021 எஃப்-150ஐயே பாருங்கள். இரு சக்கர உந்துதலில் 3.5 லிட்டர் டர்போ எஞ்சின், ஹைப்ரிட் இல்லாமல் நகரத்தில் கேலனுக்கு 18 மைல், நெடுஞ்சாலையில் 24. அதே எஞ்சினோடு ஹைப்ரிட் சேர்ந்தால் நகரத்தில் 25, நெடுஞ்சாலையில் 26. நகரத்தில் ஏழு மைல் லாபம், நெடுஞ்சாலையில் இரண்டு. பெட்ரோல் எஞ்சினுக்குக் குறைந்த சுமையில் ஒரு சாபம் உண்டு: காற்று போகும் வழியான த்ராட்டிலைப் பாதி மூடி வைத்துக்கொண்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சு விடுகிற மாதிரி ஓட வேண்டும். ஹைப்ரிட் அந்த நேரத்தில் எஞ்சினை அணைத்துவிடுகிறது, அல்லது சுமையைக் கூட்டி மின்சாரமாகச் சேமித்துக்கொள்கிறது. டீசலுக்கு அந்தச் சாபம் மிகக் குறைவு. ஆகவே ஹைப்ரிட் தருகிற லாபமும் குறைவு. இன்னொன்று, டீசலை அடிக்கடி அணைத்துப் போட்டால் புகைக்குழாயில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் எஸ்சிஆர் என்ற பகுதி குளிர்ந்துபோகும். சுமார் 200 டிகிரி செல்சியசுக்குக் கீழே அது ஒழுங்காக வேலை செய்யாது, நைட்ரஜன் ஆக்சைடு கூடிவிடும். எண்ணெய் மிச்சம் பிடிக்கப் போய்ப் புகைச் சோதனையில் தோற்பது என்பதை ஒருமுறை அனுபவித்துவிட்டேன், மறுபடி வேண்டாம்.

ஆகவே பெரிய பிக்கப்பில் ஹைப்ரிட் வைத்தால் பெட்ரோல் வி8 எஞ்சினோடுதான் வைக்க வேண்டும் என்பது என் கட்சி. ஹெவி டியூட்டி என்றதும் எல்லோரும் டீசலைத்தான் நினைக்கிறார்கள். 500 குதிரைத்திறன், 1,200 பவுண்டு-அடி டார்க் தருகிற ஃபோர்டின் 6.7 லிட்டர் டீசல் போன்றவை 40,000 பவுண்டு வரை இழுப்பதற்காகச் செய்தவை. அந்த வேலை உள்ளவருக்கு டீசலை விடச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நாள் முழுக்கப் பத்து மைல், பத்து மைலாக ஓடி, நடுவில் நின்று, தூசியில் வேலை செய்கிற வண்டிக்கு டீசலே தப்பான பொருத்தம். அதன் துகள் வடிகட்டி சூடாகவே ஆகாது, அடைத்துக்கொண்டே இருக்கும். பெட்ரோல் வண்டியைவிட ஏறத்தாழ 10,000 டாலர் கூடக் கொடுத்து வாங்கிய எஞ்சின், வடிகட்டியைச் சுத்தம் செய்வதற்காகவே எரிபொருளை எரித்துக்கொண்டு நிற்கும்.

நிற்பது என்றதும் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். வேலைத்தள வண்டிகளில் பலவும் ஓடுகிற நேரத்துக்குச் சமமாக நின்றபடியே எஞ்சினை ஓட்டிக்கொண்டிருக்கின்றன. ஏசிக்காக, விளக்குக்காக, கம்ப்ரசருக்காக, வெல்டிங்குக்காக, சில சமயம் பழக்கத்துக்காக. மின்கம்பி வேலைக்குப் போய்வந்த ஒரு வண்டியின் கணினியைப் படித்துப் பார்த்தேன். எஞ்சின் ஓடிய மணிகளில் பாதிக்கு மேல் வண்டி நகரவே இல்லை. ஒரு வண்டியை வைத்து உலகத்தை அளக்கக்கூடாது, இருந்தாலும் அந்தத் தொழிலில் இருப்பவர்கள் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். பெரிய எஞ்சின் சும்மா நிற்கும்போது மணிக்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர் குடிக்கும். ஒரு நாளில் ஐந்து மணி நேரம், வருடத்தில் 250 நாள் என்றால் 2,500 லிட்டர், அதாவது 660 கேலன். கேலன் மூன்று டாலர் என்று வைத்தால் கிட்டத்தட்ட 2,000 டாலர், ஒரு அடிகூட நகராமல். எஞ்சினின் தேய்மானம் தனி.

இந்தச் செலவை ஹைப்ரிட் கிட்டத்தட்ட முழுசாகவே வெட்டிவிடும். அதோடு ஜெனரேட்டரையும் வீட்டில் விட்டுவிட்டு வரலாம். பவர்பூஸ்ட் எஃப்-150இல் 7.2 கிலோவாட் வரை பிளக் பாயின்ட் கிடைக்கிறது. 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் பனியில் மின்சாரம் போனபோது சிலர் அந்த வண்டியை வைத்து வீட்டையே ஓட்டினார்கள். கையிருப்பில் உள்ள வண்டிகளை மக்களுக்குக் கடனாகக் கொடுங்கள் என்று ஃபோர்டே அங்கிருந்த டீலர்களைக் கேட்டுக்கொண்டது. நீங்கள் அங்கேயே இருந்திருந்தால் நினைவிருக்கும். வேடிக்கை என்னவென்றால், வேலைக்கென்றே செய்த 2023 சூப்பர் டியூட்டியில் அதே வசதி 2 கிலோவாட்தான். வார இறுதியில் கடைக்குப் போகிறவருக்கு 7.2, வெல்டருக்கு 2.

இது புதிய யோசனையும் அல்ல. ஜிஎம் 2004இல் சில்வராடோவில் ஒரு எளிய 42 வோல்ட் ஹைப்ரிட் விட்டது. மைலேஜில் பெரிய வித்தியாசம் கிடையாது. பின்தொட்டியிலும் கேபினிலும் 120 வோல்ட் பிளக் பாயின்ட் இருந்ததுதான் வேலைக்காரர்களுக்கு அதன் அழகு. அதிலிருந்து பாடம் படிக்காமல் 2009இல் இரட்டை முறை ஹைப்ரிட் என்று மிகவும் சிக்கலான, பொறியியலாகப் பார்த்தால் அற்புதமான ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இழுவைத் திறன் 6,100 பவுண்டாகக் குறைந்துவிட்டது. சாதாரண சில்வராடோ 10,000க்கு மேல் இழுக்கும். பிக்கப் வாங்க வருகிறவரிடம் மைலேஜ் தருகிறேன், இழுவையைக் கொடு என்றால் யார் கொடுப்பார்? 2013உடன் அது முடிந்தது. 2021இல் ஃபோர்டு இழுவையை விட்டுக்கொடுக்காமல் 12,700 பவுண்டு என்று சொல்லி, பிளக் பாயின்ட்டையும் கொடுத்தது. அதனால்தான் அது சந்தையில் நிலைத்தது.

ஆனாலும் அதில் ஒரு விலை இருக்கிறது, அதை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள்: வண்டியின் மேல் ஏற்றும் சுமை. அந்த ஹைப்ரிட்டில் அதிகபட்சம் 2,120 பவுண்டு. மற்ற எஃப்-150களில் நன்றாகத் தேர்ந்தெடுத்தால் 3,000ஐத் தாண்டும். உங்கள் 14,000 பவுண்டு டிரெய்லரின் முன்மூக்கு வண்டியின் மேல் அழுத்தும் எடை மட்டும் 10 முதல் 15 சதவீதம், அதாவது 1,400இலிருந்து 2,100 வரை. அப்புறம் நீங்கள், உங்கள் ஆள், டூல்பாக்ஸ்? இழுவைக் கணக்கு, சுமைக் கணக்கு இரண்டிலுமே அரை டன் ஹைப்ரிட் உங்களுக்கு ஆகாது.

பெரிய வண்டியில் இந்தச் சிக்கல் வேறு உருவத்தில் வரும். எஃப்-250 வகைகள் பலவும் அனுமதி எடை சரியாக 10,000 பவுண்டு என்று பதிவாகி வருவதைப் பார்த்திருப்பீர்கள். 10,001இலிருந்து தொழில் வண்டிகளுக்கான மத்தியப் போக்குவரத்து விதிகள் பலவும் தொற்றிக்கொள்கின்றன. (டிரெய்லரோடு சேர்த்து நீங்கள் ஏற்கெனவே அதைத் தாண்டிவிட்டீர்கள், அது தனிக் கதை.) ஆகவே அந்தக் கோட்டுக்குள் நிற்க வேண்டிய வண்டியில் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் போகிற ஒவ்வொரு பவுண்டும் சுமையிலிருந்துதான் கழியும். டீசல் எஞ்சினும் பெட்ரோலைவிடப் பல நூறு பவுண்டு கூட என்பதால், பெட்ரோல் ஹைப்ரிட் டீசல் வண்டியின் எடைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் என்று ஊகிக்கிறேன். இது ஊகம்தான்.

ரயில் எஞ்சின் அப்படித்தானே ஓடுகிறது, டீசல் வைத்து மின்சாரம் செய்து மோட்டாரில் இழுக்கிறது, அதைப் பிக்கப்பில் செய்தால் என்ன என்று யாராவது கேட்காமல் இந்தப் பேச்சு முடிந்ததே இல்லை. டீசல் ரயில் எஞ்சினில் மோட்டார் இருப்பது மிச்சம் பிடிக்க அல்ல. அவ்வளவு டார்க்கைத் தாங்கும் கியர்பாக்ஸும் கிளட்சும் செய்வது கஷ்டம், அதற்கு மாற்றாக மின்சாரம். வழக்கமான டீசல் ரயில் எஞ்சினில் இழுவைக்கான பேட்டரியே கிடையாது. இறக்கத்தில் மோட்டார்கள் பிடிக்கும் மின்சாரத்தைக் கூரையில் இருக்கும் மின்தடைகளில் சூடாக்கி வீணடித்துவிடுகிறது. இரும்புச் சக்கரத்துக்கு இரும்புப் பாதையில் உருளும் தடை டயரைவிடப் பல மடங்கு குறைவு என்பதால் அந்த இழப்புகள் அங்கே பொறுத்துக்கொள்ளக் கூடியவை. பிக்கப்பில் எஞ்சினிலிருந்து ஜெனரேட்டர், இன்வெர்ட்டர், மோட்டார் என்று சுற்றிவந்தால் நூற்றுக்கு 10 முதல் 15 போய்விடும். டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் திரவம் வழியாக இணைக்கும் பகுதி) லாக் ஆகி நெடுஞ்சாலையில் போகும் நல்ல கியர்பாக்ஸில் அதைவிட மிகக் குறைவாகவே போகும்.

ஆனால் அதோடு ஒரு பெரிய பேட்டரியைச் சேர்த்தால் ஆட்டம் மாறுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ராம் 2023 நவம்பரில் ராம்சார்ஜர் என்ற பெயரில் அறிவித்து, பிறகு பெயரை மாற்றிய அரை டன் வண்டியில் 92 யூனிட் பேட்டரி, 3.6 லிட்டர் வி6, 130 கிலோவாட் ஜெனரேட்டர். 14,000 பவுண்டு இழுக்கும் என்று அறிவித்தார்கள். டேவிஸ் டேமில் உங்கள் 10 டன்னுக்குச் சக்கரத்தில் சுமார் 118 கிலோவாட் வேண்டும், இழப்பைச் சேர்த்தால் 140க்குப் பக்கம். ஜெனரேட்டர் 130, மீதியைப் பேட்டரி தரும். கணக்கு ஒத்துப்போகிறது. ஆனால் 40,000 பவுண்டு இழுக்கிற வண்டிக்கு அதே கணக்கைப் போட்டால் 250 கிலோவாட்டுக்கு மேல் தொடர்ந்து வேண்டியிருக்கிறது. அவ்வளவு பெரிய எஞ்சினை ஏற்றிய பிறகு அதை நேராகச் சக்கரத்தோடு இணைக்காமல் சுற்றி விடுவானேன்? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் எடிசன் மோட்டார்ஸ் என்ற சிறிய நிறுவனம் மரம் ஏற்றும் லாரிகளில் இந்த முறையை எடுத்திருக்கிறது. மலையிலிருந்து பாரத்தோடு இறங்கி, காலியாக ஏறுகிற தொழிலுக்கு அது அபாரமான பொருத்தம். அந்தப் பாதையை டெக்சாஸ் சமவெளியில் எதிர்பார்க்க முடியாது.

சரி, இவ்வளவு லாபம் இருந்தும் ஏன் செய்யவில்லை? அந்த 8,500 பவுண்டுக்கு வருகிறேன். அதற்கு மேற்பட்ட பிக்கப்புகளுக்கு ஷோரூம் கண்ணாடியில் மைலேஜ் சீட்டு ஒட்ட வேண்டிய கட்டாயம் கிடையாது. எண்ணே இல்லாத இடத்தில் எண்ணை உயர்த்த யார் செலவு செய்வார்? புகை விதியும் விசித்திரமாகவே இருந்தது. இந்த வகைக்கு கரியமில வாயு வரம்பு ‘வேலைக் காரணி’ என்பதை வைத்து நிர்ணயமானது: சுமைத் திறனுக்கு முக்கால் பங்கு, இழுவைத் திறனுக்குக் கால் பங்கு மதிப்பு, நாலு சக்கர உந்துதலுக்கு 500 பவுண்டு சலுகை. அதிகம் சுமக்கும் வண்டிக்கு அதிகம் புகை அனுமதி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சுமையைக் குறைத்து எண்ணெயை மிச்சப்படுத்தும் பேட்டரி, அதே சூத்திரத்தில் வரம்பையும் இறுக்கிவிட்டது. சின்ன வண்டிகளின் பக்கமும் அழுத்தம் தளர்ந்துவிட்டது; மைலேஜ் இலக்கைத் தவறவிட்டால் கட்ட வேண்டிய அபராதத்தை 2025 ஜூலையில் அமெரிக்கக் காங்கிரஸ் பூஜ்யமாக்கியது. விதியின் தள்ளுதலில் பெரிய வண்டிக்கு ஹைப்ரிட் வரும் என்று நான் நம்பவில்லை. பிளக் பாயின்ட்டுக்கு ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் பெருகினால் வரும்.

என்னிடம் காகிதத்தைக் கொடுத்தால் வரைவது இதுதான்: 7 லிட்டரைச் சுற்றி ஒரு எளிய பெட்ரோல் வி8, கியர்பாக்ஸின் முன்னால் 100 கிலோவாட் மோட்டார், 12 யூனிட் பேட்டரி, 240 வோல்ட்டில் 7 முதல் 10 கிலோவாட் வரை பிளக் பாயின்ட். மலையை எஞ்சின் தனியாகவே ஏறும், மோட்டார் மேல்மிச்சம். பேட்டரியில் 9 யூனிட் புழங்கலாம் என்றால், ஏசியும் கருவிகளுமாக 2.5 கிலோவாட்டில் மூன்றரை மணி நேரம் எஞ்சின் சத்தமில்லாமல் வேலை பார்க்கலாம். ஜல்லி போட்ட மேட்டில் டிரெய்லரைப் பின்னால் தள்ளுகிற அந்த எரிச்சலான வேலையில் டார்க் கன்வெர்ட்டர் வேகாமல் மோட்டார் மெதுவாகத் தள்ளும். அதிலும் ஒரு கண்டம் உண்டு: சுற்றாமல் நின்ற இடத்திலேயே தள்ளிக்கொண்டிருக்கும் மோட்டாரில் மின்னோட்டம் முழுதும் இன்வெர்ட்டரின் ஒரே மூலையைச் சூடாக்கும். ஒரு கோடையில் சோதனை வண்டி ஒன்று பாதி மேட்டில் வெப்ப எச்சரிக்கை காட்டித் தள்ளுவதை நிறுத்திக்கொண்டது. பின்னால் டிரெய்லர், முன்னால் மேலதிகாரி. அதைச் சரிசெய்ய முடியும், நாங்களும் செய்தோம், ஆனால் முதல் வருட வண்டியை வாங்குகிறவர் இதையெல்லாம் தன் செலவில் கண்டுபிடிக்கக்கூடும்.

எனக்குச் சந்தேகம் இருக்கிற இடம் ஆயுள். ஹெவி டியூட்டி வண்டியை மூன்று லட்சம் மைல் ஓட்டி, அதற்குப் பிறகும் நல்ல விலைக்கு விற்கும் கூட்டம் இது. தூசி, அதிர்வு, சேறு, வெயில் இவற்றில் அவ்வளவு தூரம் பேட்டரியும் உயர் அழுத்த வயர்களும் எப்படி நிற்கும் என்பது வண்டி ஓடித்தான் தெரிய வேண்டும். டாக்சியாக ஓடிய ஹைப்ரிட் கார்கள் நன்றாகவே தாங்கியிருக்கின்றன. அந்த அனுபவம் அப்படியே பத்து டன்னுக்குப் பொருந்தும் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஆகவே காத்திருக்காதீர்கள். பழைய டீசல் தேறாது என்றால் பெட்ரோல் வி8 முக்கால் டன் அல்லது ஒரு டன் வண்டியைப் பாருங்கள். 14,000 பவுண்டை அது இழுக்கும், ஆனால் வாங்குமுன் அந்தக் குறிப்பிட்ட வண்டியின் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் சுமைச் சீட்டைப் படித்துவிடுங்கள். தினமும் நீண்ட தூரம் முழுப் பாரத்தோடு போகிறீர்கள் என்றால் மட்டும் மறுபடி டீசல். அதற்கும் முன்னால் ஒரு வேலை: இப்போதிருக்கும் வண்டியின் டிஸ்பிளேயில் எஞ்சின் மணி, ஐடில் மணி (நின்றபடியே எஞ்சின் ஓடிய நேரம்) என்று இரண்டு எண் தனித்தனியாக இருக்கிறதா பாருங்கள், பல வேலை வண்டிகளில் இருக்கும். இரண்டாவதை முதலாவதால் வகுத்து இங்கே எழுதுங்கள். மூன்றில் ஒன்றைத் தாண்டினால் புது வண்டி பிறகு பார்த்துக்கொள்ளலாம். பின்தொட்டியில் வைக்கிற மாதிரி ஒரு பேட்டரி, இன்வெர்ட்டர் பெட்டியின் விலையை விசாரியுங்கள்.